ஐந்தாவது ஃபோல்டர்

2023 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 40 நிமிடம். சித்தூரில் தூறல். குடை விரித்தால் அதிகம், விரிக்காவிட்டால் சட்டை நனையும், அந்த மாதிரி ஒரு கேடுகெட்ட தூறல். என் தம்பி வீட்டு வாசலில் ஐந்து ஜோடி செருப்புகள் கிடந்தன. அந்த வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர்.

நான் தம்பியைப் பார்க்க வரவில்லை. திருப்பதியிலிருந்து பஸ் ஏறியது, சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காக. எங்கள் குடும்பங்களுக்கென்று நான் நடத்தும் வெப்சைட்டின் பெயருக்கு வருஷம் ஒருமுறை பணம் கட்ட வேண்டும். கார்டு நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்ட எனக்குத் துணிச்சல் கிடையாது; அந்தக் கடைக்கார அம்மாள்தான் கட்டித் தருவாள். கடை பூட்டியிருந்தது. மத்தியானம்தான் திறப்பார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அதுவரை நனைந்துகொண்டு நிற்பானேன் என்று தம்பி வீட்டுக்கு நடந்தேன். 1,140 காலடி.

கதவைத் திறந்தவள் தம்பி மனைவி. மடிசார், கையில் கரண்டி, நெற்றியில் வியர்வை.

"அண்ணா! வரேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? நல்லவேளை, அம்மா திதிக்கு வந்து நின்னேளே. காலை அலம்பிண்டு உள்ளே வாங்கோ."

"எந்த அம்மாவுக்கு?" என்றேன்.

விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். "உங்கம்மாவுக்குத்தான். எங்கம்மாவுக்கு என் தம்பின்னா பண்ணுவான்!"

கூடத்தில் புகை. தம்பி பூணூலை வலத்தோளுக்கு இடம் மாற்றிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை ஒரு பக்கமாக மடித்து உட்கார்ந்து, வாத்யார் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிரே பலகையில் திதிச் சாப்பாட்டுக்கு வந்த இரண்டு ஸ்வாமிகள். தம்பி என்னைப் பார்த்தான். பேச முடியாத கட்டம். தலையை மட்டும் அசைத்தான்.

எங்கள் அம்மா போனது ஐப்பசி கிருஷ்ண பட்சப் பஞ்சமி. இந்த வருஷம் பஞ்சமி நவம்பர் 2, வியாழக்கிழமை வந்தது. அன்றே திருப்பதியில், அலிபிரிப் பக்கம் இருக்கும் என் வீட்டில் நான் திதியை முடித்துவிட்டேன். ஐந்து நாள் ஆகிவிட்டது. இன்று தசமி. எங்கள் வீட்டில் ஐப்பசித் தசமியில் போனவர்கள் யாரும் இல்லை.

தம்பி மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "இன்னிக்குன்னு யாரும்மா சொன்னா?"

"நீங்க போட்ட சைட்தான். வருஷா வருஷம் அதைத்தானே பாக்கறோம்." பூஜை அலமாரியின் மேலிருந்த தம்பியின் போனைக் கண்ணால் காட்டினாள். மடி ஆசாரத்தில் இருந்தவள் அதைத் தொடவில்லை. நான் எடுத்துப் பார்த்தேன். பக்கம் திறந்தபடியே இருந்தது. 'ஐந்தாம் வீடு. தாயார். ஐப்பசி, கிருஷ்ண பட்சம், தசமி. இந்த ஆண்டு: நவம்பர் 7, செவ்வாய்.' ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. நான் அடித்ததுதான்.

அது எங்கள் தாயார் அல்ல. ஆறாம் வீட்டுத் தாயார். ஜூன் மாதத்திலிருந்து அவள்தான் ஐந்தாம் வீட்டில் இருக்கிறாள்.

இது புரிய, அந்த அசிங்கத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் பதினான்கு குடும்பங்களும் ஒரு காலத்தில் திருப்பதியில் ஒரு கோயிலில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் நின்றவை. சேவித்து முடிந்ததும் தீர்த்தம் கொடுப்பார்கள். யாருக்கு முதலில், யாருக்கு இரண்டாவது என்று வரிசை உண்டு. அந்த வரிசைக்காக அண்ணன் தம்பிகள் வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். இன்று அந்தக் குடும்பங்களில் கோஷ்டிக்குப் போகிறவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் எங்கெங்கோ வேலையில் இருக்கிறார்கள். யாருக்கும் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். "அப்பா திதி என்னிக்கு வரது?" "பெரியம்மாவுக்கு இந்த வருஷம் எப்போ?" ஒரே வருஷத்தில் 163 போன்கள் வந்தன. அதனால்தான் வெப்சைட் போட்டேன். வீட்டுக்கு ஒரு ஃபோல்டர், 01 முதல் 14 வரை; எங்கள் வீடு 05. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் காலமானவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம், அதற்கும் எண்தான். தகப்பனார் 01, தாயார் 02, இப்படி. பெண்களின் பேரை இண்டர்நெட்டில் போடக்கூடாது என்று நான்கு வீட்டில் சொன்னார்கள்; ஆகவே யார் பேரும் கிடையாது.

ஃபோல்டர்களுக்கு எண் கொடுத்தது தீர்த்த வரிசைப்படி. வேறு எந்த வரிசையும் எனக்குத் தோன்றவில்லை. அரசு அலுவலகம் ஒன்றின் ஆவண அறையில் 31 வருஷம் இருந்தவன் நான். ஒரு காகிதம் தொலைந்ததில்லை. எண் இல்லாத கட்டு என் அறைக்குள் வந்ததில்லை.

கம்ப்யூட்டர் கடைக்கார அம்மாள் அப்போதே சொன்னாள். வெதுருகுப்பம் பக்கத்துக் கிராமத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும். ரேஷன் கார்டு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், வெப்சைட் எல்லாம் அந்த ஒரே மேஜையில்தான்.

"சார், போல்டருக்கு நம்பர் வெக்காதீங்க. நாளைக்கு முன்ன பின்ன மாத்தணும்னா இன்னா பண்ணுவீங்க?"

"மாறாது. நூறு வருஷத்து வரிசை."

"நூறு வருஷம் மாறாதது எதுனா கீதா சார்? ஆதார்ல பொறந்த தேதியே மாறிக்கினு கீது."

"அம்மா, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ஃபைலுக்கு நம்பர் போட்டவன்."

"உங்க பைலு ரூமுக்குள்ள இருந்துச்சு. இது ரோட்ல கீது" என்றாள்.

அதை நான் மதிக்கவில்லை. நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் இணைத்தேன். ஆட்களின் பக்கங்கள் 104. ஒவ்வொன்றிலும் மூன்று இணைப்புகள், ஆக 312. வீட்டுப் பக்கங்களிலிருந்து ஆட்களுக்குப் போவது 104. அங்கிருந்து முகப்புக்குத் திரும்புவது 14, முகப்பிலிருந்து வீடுகளுக்குப் போவது 14. மொத்தம் 444. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் ஒழுங்காக நடந்தது. போன் நின்றது. தம்பிக்குப் பத்து நாள் முன்னால் போன் செய்து அம்மா திதியைச் சொல்கிற வழக்கத்தையும் நிறுத்தினேன். "எல்லாம் சைட்ல இருக்கு, பாத்துக்கோ" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. மாதம் மட்டும்தான் அவனுக்கு ஞாபகமிருக்கும். திதி எந்தக் காலத்திலும் மனதில் நின்றதில்லை.

இந்த வருஷம் ஜூனில் ஆறாம் வீட்டுப் பெரியவர் போன் செய்தார். எங்களுக்குப் பங்காளி முறை, எண்பது வயது. யாரோ பேரன் முகப்பைத் திறந்து காட்டியிருக்கிறான்.

"ஏன்காணும், எங்களை ஆறுன்னு போட்டிருக்கீரே?"

"அதுதானே வரிசை."

"உம்ம தோப்பனாருக்குத் தீர்த்தம் எங்க தாத்தாவுக்கு அப்புறம்தான். நான் சொல்லலை, ஊரே சொல்லும்."

"ஊர்ல யார் மிச்சமிருக்கா, சொல்றதுக்கு?"

"அதான், கம்ப்யூட்டர் சொல்றதே ஆறுன்னு! லோகம் பூரா பாக்கறது!"

லோகம் முழுக்கப் பார்க்கவில்லை. அந்த மாதம் முகப்பைத் திறந்தவர்கள் 39 பேர். அவரிடம் சொன்னேன். "அந்த 39 பேர் கண்ணுக்கும் நாங்க ஆறாவதுதானே?" என்றார். பதினேழு நாளில் ஒன்பது முறை கூப்பிட்டார். பதினான்கு வீட்டு வாட்ஸப் குழுவிலும் ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு தாத்தாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். செத்தவர்களை இப்படி இழுத்து வந்து பந்தியில் முட்டி மோத விடுவது எனக்குச் சகிக்கவில்லை. என் தம்பி குழுவில் ஒரே ஒரு வரி எழுதினான்: 'அண்ணா, விட்டுக் கொடுக்காதே.' அப்புறம் அவன் சத்தமே இல்லை.

பத்தாவது முறை போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். 05-ஐ 06 ஆக்கினேன், 06-ஐ 05 ஆக்கினேன். பக்கத்தின் தலைப்பில் 'ஐந்தாம் வீடு', 'ஆறாம் வீடு' என்று இருந்ததையும் சிரத்தையாக மாற்றினேன். மத்தியானம் முழுக்க 444 இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் திறந்தன. ஒன்றுகூட அறுபடவில்லை. குழுவில் 'வரிசை மாற்றப்பட்டது' என்று போட்டுவிட்டு, விட்டது சனியன் என்று காப்பி குடித்தேன்.

அறுந்திருந்தால் பிழைத்திருப்பேன். 'பக்கம் இல்லை' என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். தம்பியின் போனில் அவன் முதல் வருஷமே சேமித்து வைத்திருந்தது 'ஐந்தாவது ஃபோல்டர், இரண்டாவது பக்கம்' என்ற விலாசம். அது ஒழுங்காகத் திறந்தது. உள்ளே வேறு ஒரு தாயார். அவளும் அதே மாதம், அதே பட்சம். கோத்திரமும் ஒன்று. யாருடைய போனில் எந்த விலாசம் இருக்கிறது என்பது என் நோட்டில் இல்லை. 444-இல் அது சேரவில்லை.

தம்பி வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் எழுந்து நிறுத்தச் சொல்லியிருக்கலாமா? இலை போட்டாயிற்று, ஸ்வாமிகள் உட்கார்ந்தாயிற்று. நிறுத்தவில்லை. தம்பி மூன்று முறை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மூன்று முறையும் வேறு யாரோ ஒருத்திக்காக.

ஸ்வாமிகள் கிளம்பிய பிறகு வாத்யாரிடம் சொன்னேன். சித்தூருக்கு வந்து ஒரு வருஷம் ஆனவர். எங்கள் குடும்பத்துத் திதிகள் தெரியாது.

"பஞ்சமியா? பின்னே தசமின்னு யார் சொன்னா?" என்றார்.

"வெப்சைட்" என்றான் தம்பி. இன்னும் அவனுக்கு விளங்கவில்லை.

"யார் போட்ட வெப்சைட்?"

தம்பி என்னைப் பார்த்தான். அவன் மனைவி என்னைப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்க வந்தவள் எதற்கென்று தெரியாமலே என்னைப் பார்த்தாள்.

"தெரியாமப் பண்ணினதுக்கு தோஷமில்லை. ஆனா பஞ்சமி போனது போனதுதான். தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை, அன்னிக்குத் திரும்பப் பண்ணிடுங்கோ" என்றார் வாத்யார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெப்சைட்டுக்குப் பிராயச்சித்தம் சாஸ்திரத்துல இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் அவருக்கு ஒரு சிரிப்பு வேறு.

தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "மூணு நாளா மடி, அண்ணா. தீபாவளி வேலை வேற. ஆறாம் நாளே இன்னொரு தரமா? என்னால முடியாது."

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுபத்தொரு வயது. "என்ன மாத்தினே?"

சொன்னேன்.

"அந்தக் கிழத்துக்காகவா? நான் விட்டுக் கொடுக்காதேன்னு எழுதினேனே!"

"எழுதினே. அப்புறம் வரிசை மாறியாச்சுன்னு குழுவுல போட்டேனே, பாக்கலையா?"

"காலங்கார்த்தாலேர்ந்து தீர்த்தச் சண்டை. வாயை மூடி வெச்சுட்டேன், அந்தக் குரூப்பை." அப்புறம், "ஒரு போன் பண்ணியிருக்கலாம். முன்னெல்லாம் பண்ணுவே. 'டேய், வர வியாழக்கிழமைடா'ம்பே. அரை நிமிஷம்."

"சைட்ல இருக்குன்னு..."

"சைட்ல இருந்தது. யார் அம்மாவோ இருந்தா."

சாப்பிடச் சொன்னார்கள். எனக்கு இறங்காது என்றேன். சர்க்கரை மாத்திரை போட்டிருந்தேன்; வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. தம்பி மனைவி மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். குடித்தேன்.

"அமாவாசைக்கு எல்லாம் நான் ஏற்பாடு பண்றேன். தளிகைக்கு ஆள் வெச்சுடறேன். அவ அடுப்படிக்கே போக வேண்டாம். நீ உக்காந்தாப் போதும்" என்றேன்.

"என் முட்டி உன் ஏற்பாட்டுக்கு உக்காருமா?"

"அம்மாவுக்கு உக்காரும்."

தம்பி முழங்காலை நீட்டி மடக்கிப் பார்த்தான். மாட்டேன் என்று சொல்லவில்லை.

கடை திறந்திருந்தது. கடைக்கார அம்மாள் ஒரு கிழவருக்குத் தெலுங்கில் எதையோ விளக்கி, கைரேகை வாங்கி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எங்க ஊர்ல கங்கம்மா ஜாத்திரைல யாரு பொங்கப்பானை முன்ன எறக்கறதுன்னு அடிச்சிக்குவாங்க சார். ஒருத்தருக்கு மண்டை ஒடைஞ்சி பதினோரு தையல். ஆனா வெப்சைட்ல அடிச்சிக்கினவங்கள இப்பதான் பாக்கறேன்."

"இப்போ என்ன பண்ணலாம்?"

"நம்பர எடுங்க. உசந்தது தாழ்ந்தது இல்லாத பேரா சொல்லுங்க, அத போல்டருக்கு வெக்கறேன். வரிசை வேணும்னா முகப்புல மட்டும் வெச்சிக்கோங்க. அங்க எத்தினி வாட்டி மாத்தினாலும் உள்ள ஒண்ணும் ஆவாது."

உயர்ந்தது தாழ்ந்தது இல்லாத பதினான்கு பெயர்கள். சொல்வது சுலபம். நட்சத்திரம் என்றால் திருவோணம் யாருக்கு என்று கேட்பார்கள். நதி என்றால் கங்கைக்கு அடிதடி. பூவில் துளசியைச் சேர்த்தாலும் சண்டை, சேர்க்காவிட்டாலும் சண்டை. அரைமணி யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. தம்பி வீட்டுச் சமையலறையில் மிச்சமிருந்த காய்கள் கண்ணில் நின்றன. திதிக்கு ஆகிற காய்கறிகளையே சொன்னேன். வாழைக்காய், சேனை, புடலங்காய், கொத்தவரை, பாகற்காய், பிரண்டை. பதினான்கு தேறியது. அவள் சீட்டு எழுதிக் குலுக்கினாள். எங்கள் வீட்டுக்குப் பிரண்டை வந்தது.

"பழைய நம்பர்ல வரவங்களுக்கு இன்னா காட்டறது?" என்று கேட்டாள். "தானா புதுசுக்கு அனுப்பிடவா?"

"வேண்டாம். அஞ்சுல வரவன் எந்த அஞ்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கம் இல்லைன்னே காட்டட்டும். கீழே என் போன் நம்பரைப் போடுங்கோ."

"அப்ப மறுபடியும் எல்லாரும் போன் பண்ணிக்கினு இருப்பாங்களே? அதுக்கோசரம்தான சார் வெப்சைட்டே போட்டீங்க?"

"போடுங்கோ" என்றேன்.

அமாவாசையன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். காணிப்பாக்கத்துக்குப் போகிற கும்பல் ஒன்று ஏறி, என் மடியில் ஒரு தேங்காய்ப் பையை வைத்தது. தளிகைக்காரர் ஏழு மணிக்கே வந்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். தம்பி மனைவி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் மிளகு அரைப்பதில் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்யார் இந்த முறை சங்கல்பத்துக்கு முன்னால் நிறுத்தி, "யார் தாயார்னு இன்னொரு தரம் சொல்லிடுங்கோ" என்றார். தம்பி அம்மாவின் பேரைச் சொன்னான். எனக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னான். பூஜை அலமாரி மேல் அவன் போன் இல்லை.

இலை எடுத்தானதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பிரண்டைத் துவையல் இருந்தது. அவன் என் இலையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, நம்மாத்து ஃபோல்டர்" என்றான். ஏழு நாளில் அவன் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது, அடுத்த வருஷம் பஞ்சமிக்குப் பத்து நாள் முன்னால் கூப்பிடுகிறேன் என்றேன். "கூப்பிட்டாப் பாக்கலாம்" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆறாம் வீட்டுப் பெரியவர் கூப்பிட்டார். அவருக்குத் தன் தாயார் திதி மனப்பாடம். அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. தசமியன்று முறையாகச் செய்து முடித்திருக்கிறார். வரிசையைப் பார்க்க மட்டும்தான் திறப்பார். இன்றும் திறந்திருக்கிறார்.

"ஏன்காணும், மேலே விலாசத்துல எங்களுக்குப் பாகக்காய்னு வரதே! உமக்கு மட்டும் பிரண்டையா?"

அவர் தாயாருக்கு இந்த வருஷம் என் தம்பியும் திதி கொடுத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அதையும் மரியாதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். போனை வைத்தேன். அதற்குள் மூன்று பேர், பக்கம் திறக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். இறங்குவதற்குள் மூவருக்கும் திதி சொன்னேன்.

வாத்யார், ஸ்வாமிகள் தட்சிணை, வேஷ்டிகள், தளிகைக்காரர், சாமான், கடைக்கார அம்மாள் வேலை, சித்தூர் பஸ் போக வர இரண்டு தடவை, எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 21,865 ரூபாய்.